குடைக்காரன் வீட்டுச் சுவர்

தலைவர் தலையில் வெயில் படாமல் பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலை. கேட்பதற்கு எளிது; செய்து பார்த்தால் தெரியும். நிழல் தலைவர் மேல் விழ வேண்டும், கம்பி நுனி அவர் தோளில் இடிக்கக் கூடாது, பிடிப்பவன் முகம் புகைப்படத்தில் விழவே கூடாது. கூட்டத்தில் யாராவது நீட்டிய குழந்தையைக் கொஞ்ச அவர் குனிந்தால் குடையும் குனிய வேண்டும். கொஞ்சி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் குடையும் நிமிர வேண்டும். செய்தித்தாள்களில் அவன் வலது மணிக்கட்டு அடிக்கடி வந்தது. பெண் பார்க்கப் போனபோது மாப்பிள்ளை படம் என்று அந்த மணிக்கட்டைத்தான் காட்டினார்கள். பெண் வீட்டாருக்குப் பிடித்திருந்தது.

தெருவில் எல்லோரும் அவனைக் குடை என்றே கூப்பிட்டார்கள். அவன் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டான்.

சாலையை அகலப்படுத்துவதற்காக ஒருநாள் தெருவுக்குள் ஆட்கள் வந்து, வீட்டுக்கு வீடு சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். குடை வீட்டுச் சுவரிலும் ஒன்று விழுந்தது. அவன் கையால் கட்டிய வீடு; கடைசி அறைக்கு இன்னும் பூச்சுக்கூடப் பூசவில்லை. தெருக்காரர்கள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்கள். எல்லாக் கதவும் சாத்திக்கொண்ட பிறகு, சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தையல்காரர் கூடத்தில் கூடிக் கடவுளைக் கும்பிடத் தொடங்கினார்கள்.

தையல்காரர் அவனையும் கூப்பிட்டார். "தம்பி, நீயும் வாப்பா. எல்லாருமாச் சேர்ந்து கேப்போம்."

"நீங்க கேளுங்கண்ணே. பாவம், உங்களுக்கு ஆளு இல்ல."

"ஆண்டவன் இருக்கானே."

"இருக்கட்டும். போன் பண்ணா எடுப்பாரா?"

"வாய மூடுங்க" என்றாள் அவன் மனைவி. அவள் தினமும் அந்தக் கூடத்துக்குப் போய்வந்தாள்.

மறுநாள் காரிலிருந்து மேடைக்குப் போகிற இடைவெளியில் அவன் தலைவரின் காதருகே குனிந்தான். "ஐயா, ஒரு சின்ன விஷயம்." சொல்லி முடிப்பதற்குள் தலைவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "உன் வீட்ட எவன்டா தொடுவான்? நான் எதுக்கு இருக்கேன்?"

இதே வாக்கியத்தை அவர் மீனவர்களிடமும் ஆசிரியர்களிடமும் வெள்ளத்தில் வீடு போனவர்களிடமும் சொன்னபோது அவன்தான் குடை பிடித்துக்கொண்டு நின்றான். மற்றவர்களுக்குச் சொன்னது அரசியல், தனக்குச் சொன்னது வாக்கு என்று பிரித்துப் புரிந்துகொண்டான்.

ஒரே ஒரு சிக்கல். வாக்கு அவன் காதில் இருந்தது. இடிக்கிற இயந்திரத்துக்கு அது தெரியாது. அதற்கும் வழி கண்டுபிடித்தான். பெயின்டர் ஒருவரைக் கூட்டி வந்து, வீட்டின் முன்சுவர் முழுக்கத் தலைவரின் முகத்தை வரையச் சொன்னான். அந்த முகத்தின் மேல் இரும்புக் கையை வைக்க எந்த டிரைவருக்குத் துணிச்சல் வரும்?

பெயின்டர் தூரத்தில் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "சன்னல் கரெக்டா வாயில வருதே."

"மூடியே வச்சிடறோம்."

"பல்லு தெரியணுமா?"

"தெரியட்டும். ஆனா கடிக்கிற மாதிரி இருக்கக் கூடாது."

சன்னலுக்கு ஆணி அடித்தார்கள். அன்றிலிருந்து மனைவி புகையில் இருமிக்கொண்டே சமைத்தாள். வாசற்கதவு இடது காதில் அமைந்தது. நாட்டிலேயே தலைவரின் காதுக்குள் நினைத்த நேரத்தில் நுழைய முடிந்த குடும்பம் அது ஒன்றுதான்.

தெருமுனையில் தோண்டத் தொடங்கினார்கள். தொடங்கிய அன்றே இயந்திரத்தின் பல் உடைந்தது. மாற்றுப் பல்லும் உடைந்தது. கீழே ஒரு பாறை, யானை படுத்திருப்பதுபோல் தெரு முழுக்க நீட்டிப் படுத்திருந்தது. பொறியாளர் வந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார், சாலையைப் பின்பக்கத்துப் பொட்டலுக்கு மாற்றிவிட்டார். தெரு தப்பித்தது. பெண்கள் அழுதார்கள். தையல்காரர் தரையில் நெற்றி பட விழுந்து கும்பிட்டார்.

"பாத்தீங்களா?" என்றாள் மனைவி.

"பாத்தேன். படத்தப் பாத்துப் பயந்துட்டானுங்க. பாறைங்கறதெல்லாம் வெளிய சொல்லிக்கறதுக்கு."

"நான் என் கண்ணால பாத்தேங்க அந்தப் பாறைய."

"தலைவர் வைக்கச் சொல்லியிருப்பார்."

பாறைக்கான நன்றியை வாங்கிக்கொள்ளத் தலைவரே நேரில் வந்தார். குடை நிழலில் நடந்து வந்தவர் அந்தச் சுவர் முன்னால் நின்றார். தன்னையே தான் மேலிருந்து கீழாகப் பார்த்தார். அவர் கண் கலங்கியது.

"நல்லாருக்கு. ஆனா இத ஏன் சந்துக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கீங்க? நாலு பேர் சுத்தி வந்து பாக்கற மாதிரி வேணாமா?"

அவன் கையிலிருந்த குடை அன்று முதன்முறையாக நடுங்கியது, சந்தோஷத்தில். கூட வந்த அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை ஒரு பாலத் திறப்பு விழா. தலைவர் பேசிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. தன் முகம் எப்படியும் படத்தில் வராது என்ற தைரியத்தில் அவன் அதைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டான்.

"ஏங்க, வீட்ட இடிக்க வந்திருக்காங்க."

"படம் இருக்கே!" என்றான் மெதுவாக.

"படத்த விட்டுட்டு மீதிய இடிக்கறாங்க. சுத்தி வந்து பாக்க எடம் வேணுமாம்."

"நான் யாருன்னு சொன்னியா?"

"சொன்னேன். ரொம்ப மரியாதையா எழுந்து நின்னாங்க. அப்புறம் ஆரம்பிச்சிட்டாங்க."

போனில் ஏதோ சரிந்து விழும் சத்தம் கேட்டது. இங்கே கூட்டம் கை தட்டியது. அவன் கை அசையவில்லை. நிழல் தலைவரின் உச்சந்தலையில் அப்படியே நின்றது.

"சமையக்கட்டு போச்சுங்க" என்றாள். இன்னொரு சுவர் சரிந்ததும், "டிரைவர் நல்ல மனுஷன். பின்பக்கத்துலேர்ந்து பதமா வர்றார். முகத்துல விரிசல் விழுந்தா அவர் வேலை போயிடுமாம்." அதற்குப் பிறகு இருமல் மட்டும் கேட்டது.

பேச்சு முடிந்து இறங்கும்போது அவன் வீடு போனதைச் சொன்னான். தலைவர் நின்றார். இந்த முறை திரும்பியே பார்த்தார்.

"அது உன் வீடாடா? அடடா." தோளில் கை வைத்தார். "நாளைக்குக் காலையில வந்து நில்லு. இத விடப் பெரிய வீடா எழுதித் தரேன். கையெழுத்து என்னுது. போதுமா?"

போதும் என்று அவன் அழுதான். அங்கேயே மனைவிக்குப் போன் போட்டு, பாத்திரங்களை ஒன்றும் கொடுத்துவிடாதே, புது வீட்டுக்கு வேண்டும் என்றான்.

மத்தியானம் மைதானத்தில் இன்னொரு கூட்டம். வெயில் கொளுத்தியது. தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "நான் இருக்கிற வரைக்கும் உங்களை" என்றார். மீதியைச் சொல்லவில்லை. முழங்கால் மடங்கிக் குனிந்தார். குடையும் குனிந்தது. மேடைப் பலகையில் சாய்ந்தார். குடை அவரோடேயே போய்த் தரைக்கு ஒரு முழம் மேலே நின்றது. அவர் திரும்ப நிமிர்வார் என்று அவன் காத்திருந்தான், வழக்கமாக நிமிர்ந்துவிடுவார்.

மருத்துவர் வந்து கையைப் பிடித்துப் பார்த்தார், கீழே வைத்துவிட்டார். கூட்டம் ஓலமிட்டது. மேடையில் இருந்தவர்களும் ஓலமிட்டார்கள், ஆனால் ஓலமிட்டபடியே ஒரு பக்கமாக நகர்ந்தார்கள். அந்தப் பக்கம் துணைத்தலைவர் நின்றிருந்தார்.

செயலாளர் அவனை விரல் சொடுக்கிக் கூப்பிட்டார். "குடைய இங்க கொண்டா."

"சார், ஐயா மேல வெயில் படுது."

"ஐயா இங்க நிக்கறார்யா. கண்ணு தெரியல?"

அவன் எழுவதற்குள் துணைத்தலைவரின் மச்சான் வந்து குடையின் பிடியிலிருந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான். "இவ்ளோ நாள் கஷ்டப்பட்டீங்கண்ணே. இனிமே நாங்க பாத்துக்கறோம்." பிடிக்கத் தெரியாமல் பிடித்தான். கம்பி நுனி புதுத் தலைவரின் தோளில் இடித்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, மச்சான் அல்லவா. நிழல் அந்தப் பக்கம் போனதும் பழைய தலைவர் வாய் திறந்தபடி வெயிலில் கிடந்தார். முதலில் ஒரு ஈ வந்தது. அவன் கையால் விரட்டினான். பிறகு நிறைய வந்தன.

வீட்டில் முன்சுவர் மட்டும் நின்றது. அவன் கதவைத் திறந்துகொண்டுதான் வந்தான். சுற்றிக்கொண்டும் வரலாம் என்று தோன்றவில்லை. இடிபாட்டுக்கு நடுவில் மனைவி பாத்திரங்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவர் போயிட்டாராமே. ரேடியோவுல சொன்னாங்க."

"நாளைக்குக் கையெழுத்துப் போடறேன்னார்."

"எந்தக் கையால?"

அவன் இடிபாட்டைத் தாண்டித் தெருவைப் பார்த்தான். தெருவில் மற்ற எல்லா வீடும் இருந்தது. ஒரு வீட்டில் தாளிக்கிற வாசனை, ஒரு வீட்டில் குழந்தைக்கு அடி.

"தையல்காரண்ணன் பின்னறையக் குடுத்திருக்கார்" என்றாள். "கூடத்துல எல்லாரும் கும்பிடறாங்க. இன்னிக்காவது வாங்க. மனுஷன நம்பி நின்னதெல்லாம் போதும்."

அவன் போனான். குடை வந்துவிட்டான் என்று கூடத்தில் இடம் விட்டார்கள். யாரும் பழசைச் சொல்லிக் காட்டவில்லை. எல்லோரும் கண்ணை மூடினார்கள், அவனும் மூடினான். உதடு அசைந்தது, கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. தையல்காரர் அதைப் பார்த்துத் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார். இவ்வளவு உருக்கமாக அந்தக் கூடத்தில் ஒருவரும் வேண்டியதில்லை.

வெளியே வந்ததும் மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் காத்திருந்தது இதற்குத்தான்.

"என்ன வேண்டிக்கிட்டீங்க?"

"புதுத் தலைவரோட மச்சானுக்குக் கை சுளுக்கிக்கணும்னு."

அவள் கையை விட்டாள்.

"ரொம்ப வேணாம்னுதான் கேட்டிருக்கேன்" என்றான். "குடை பிடிக்க முடியாத அளவுக்கு."