கையில் கட்டிய எண்

"அம்மா, அய்யா கைப்பட்டையைப் பிய்ச்சுக்கிட்டே இருக்காரு. பிய்க்கிற கையைக் கட்டிடவா?" என்று நர்ஸ் கேட்டபோது தையல்காரி எழுந்து கட்டிலருகே வந்தாள். பக்கவாதத்தில் அவள் கணவரின் வலது கை துவண்டு கிடந்தது. அதில்தான் மருத்துவமனைப் பட்டை. பட்டையில் 739397 என்று எண். இடது கை அதையே நோண்டிக்கொண்டிருந்தது.

பேச்சு போய்விட்டது. பேரைக் கேட்டாலும் விழிக்கிறார், தண்ணீர் வேண்டுமா என்றாலும் விழிக்கிறார். நாம் சொல்வது புரிகிறதா என்பதே சந்தேகம்தான் என்று டாக்டர் காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"கட்ட வேணாம்மா. நான் பாத்துக்கறேன்."

கையைப் பிடித்துக்கொள்ளக் குனிந்தவள் அப்படியே நின்றாள். ஊசிக் காதில் நூல் கோத்துப் பழகிய கண் அவளுக்கு. அவர் பிய்க்கவில்லை, மறைக்கிறார். எண்ணின் கடைசி இலக்கமான ஏழைக் கட்டைவிரலால் மூடிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அடுத்து ஒன்பதையும் சேர்த்து மூடினார், பார்த்தார். ஒவ்வொன்றாகக் குறைந்து முதல் இலக்கமான ஏழு மட்டும் மிஞ்சியது. பிறகு இடப்பக்கமிருந்து மறைக்க ஆரம்பித்தார்.

இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு இந்தப் பார்வை தெரியாதா? கல்லூரியில் கணக்கு வாத்தியார் அவர். எதிரே வரும் லாரியின் நம்பரைக்கூட வகுத்துப் பார்க்காமல் விடமாட்டார். எதற்கும் வகுபடாத எண் சிக்கிவிட்டால் புதையல் எடுத்த முகம். அந்த லாரியில் நமக்கென்ன பங்கா வருது என்று எத்தனை முறை கேட்டிருப்பாள்!

"என்னங்க, பகா எண்ணா?"

அவர் கண் விரிந்தது. தலை மெல்ல அசைந்தது.

கட்டில் ஓரம் நின்றிருந்த மகள் செல்போனை எடுத்து, மறைத்தது போக மிஞ்சிய எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். பிறகு திரையை அம்மாவிடம் திருப்பிக் காட்டினாள்.

"எந்தப் பக்கத்துலேர்ந்து எடுத்தாலும் மிச்சம் நிக்கறது பகா எண்தாம்மா. ஒண்ணுகூடத் தப்பல."

"அப்போ, நாம பேசுனதெல்லாம் கேட்டுக்கிட்டேதான் இருந்தாரா?" என்று நர்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "கையைக் கட்டுறேன்னு வேற சொல்லிட்டேனே."

அவருடைய வாயின் ஒரு ஓரம் மட்டும் மேலே போனது. அது சிரிப்பு என்று அங்கே தையல்காரிக்கு மட்டும்தான் தெரிந்தது. அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "போ, போய் டாக்டரைக் கூட்டிட்டு வா" என்று மகளை விரட்டினாள். மகள் நகரவில்லை.

தையல்காரி கைப்பையைத் துழாவி, துணியில் கோடு போடும் சுண்ணக்கட்டியை எடுத்தாள். கருநீலப் போர்வையை அவர் மார்பின்மேல் நீவிவிட்டு, அவருக்குத் தெரியும்படி கொட்டையாக 91 என்று எழுதினாள்.

"இது?"

அவர் வெகுநேரம் பார்த்தார். தலை இட வலமாக அசைந்தது. இடது கை மெதுவாக எழுந்தது. ஐந்து விரல். மூடிக்கொண்டது. பிறகு இரண்டு.

"ஏழு," என்றாள் மகள் மூச்சுவிடாமல். "ஏழு பதிமூணு தொண்ணூத்தொண்ணு."

அவர் கையை இறக்கவில்லை. சுண்ணக்கட்டிக்காக விரல்களை நீட்டினார்.