நோகாத ஊசி

தாராபுரத்துப் பள்ளிக்கூடத்தில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் உம்மாமாருக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசியைப் பற்றி மருத்துவ மாணவி றுஷ்தா மூச்சுவிடாமல் பேசினாள்.

“நீங்கள் போட்டனீங்களோ மகள்?” என்று அந்த உம்மாமாரில் ஒருத்தியான ஸுஹறா கேட்டாள்.

“ஓம்.”

பச்சைப் பொய். ஊசி போடப் போன பெண்நோய்க் கிளினிக்கில் ஊர்க்காரி ஒருத்தியைக் கண்டதும், கலியாணமாகாதவளுக்கு இங்கே என்ன வேலை என்று கதை கட்டுவாளே எனப் பயந்து திரும்பி வந்தவள் அவள்.

ஸுஹறா உடனே சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டாள்.

“நோகுமோ?” என்றாள் அவளுடைய மகள்.

“நுளம்பு கடிச்ச மாதிரித்தான்,” என்றாள் றுஷ்தா.

சற்று நேரத்தில் அந்தப் பிள்ளை கையைப் பொத்திக்கொண்டு அழுதபடி வந்தாள். “நல்லா நொந்தது. உங்களுக்கு மட்டும் ஏன் நோகேல்லை?”

றுஷ்தா கூனிக்குறுகிப் போனாள்.

ஸுஹறா மகளை அதட்டினாள்: “அவ உன்னை மாதிரிப் பயந்தாங்கொள்ளியோ?”