கூடாரத்துக்கு வந்த ஹெலி

பல்கலைக்கழகத்தின் சர்வதேசத் தொடர்புப் பிரிவில் வேலை செய்யும் றஸீனா, மாதக்கணக்காக மின்னஞ்சல் எழுதி ஒரு விருந்தாளியை வரவழைத்திருந்தாள். பின்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் மாணவர் பதிவு அலுவலகத்தில் இருக்கும் ஹெலி. ஊழியர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு வாரம் இங்கே அலுவலக வேலைகளைப் பார்ப்பாள். பிறகு இங்கிருந்து ஒருவர் அங்கே போகவேண்டும்.

ஹெலி மட்டக்களப்பில் வந்து இறங்கிய அன்றே கல்விசாரா ஊழியர் சங்கம் வேலைநிறுத்தத்தை அறிவித்தது.

றஸீனாவும் சங்கத்தில் இருப்பவள். மறுநாள் காலை உதவிப் பதிவாளர் பமீலா தொலைபேசியில் அழைத்தார்.

"றஸீனா, வந்த ஆளச் சும்மா இருத்திவைக்க ஏலா. நீங்க மட்டும் உள்ளுக்கு வந்து எல்லாத்தையும் காட்டுங்களன். ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டாங்க."

"சொல்லாட்டியும் எனக்கு மனம் வராது மிஸ்."

ஏறாவூரிலிருந்து பஸ்ஸில், ஹெலி தங்கியிருந்த புளியந்தீவு விடுதிக்குப் போகும் வழியெல்லாம் ஆங்கில வாக்கியங்களை மனதுக்குள் அடுக்கினாள். எழுதுவதற்குப் பயமில்லை. பேச வாய் திறந்தால்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். விடுதி வாசலில் ஹெலியைக் கண்டதும் அடுக்கியதெல்லாம் கலைந்துபோயிற்று. "வேலைநிறுத்தம். நானும் அதில். மன்னியுங்கள்" என்று மட்டும் சொன்னாள்.

ஹெலி சிரித்துவிட்டாள். தானும் ஒருமுறை பனிக்குள் பதாகை பிடித்துக்கொண்டு நின்றவள்தான் என்றாள். "நீ இல்லாமல் நான் உள்ளே போவது சரியில்லை. நீ இருக்கும் இடத்துக்கே கூட்டிப்போ."

பல்கலைக்கழக வாசலில் போட்டிருந்த கூடாரத்தில் சங்கச் செயலாளர் உதயரூபனின் முகம் இறுகியது.

"என்ன றஸீனா, வெள்ளைக்காரிக்கு எங்களக் காட்டவா கூட்டி வந்திரிக்கிங்க?"

"இல்லண்ணன். அவவும் நம்மளப்போல கிளார்க்தான்."

யாரோ ஒரு பிளாஸ்டிக் கதிரையை நகர்த்திப் போட்டார்கள். பரீட்சைப் பிரிவு யூஸ்டஸ்தான் முதலில் வாயைத் திறந்தார். "அங்க ஒரு சேட்டிபிக்கட்டுக்கு எத்தின பேர் கையெழுத்து வைக்கிற எண்டு கேளுங்க."

றஸீனா கேட்டாள். ஒருவரும் வைப்பதில்லை, எல்லாம் கணினிதான் என்றாள் ஹெலி.

"கொம்பியூட்டர் பழுதாப் போனா?"

"அன்று எல்லோரும் கோப்பி குடிக்கப் போய்விடுவோம்."

றஸீனா இதைத் தமிழில் சொன்னதும் கூடாரமே சிரித்தது. உதயரூபனும் சிரித்தார். அதற்குப் பிறகு கேள்விகள் நிற்கவில்லை. லீவு, ஓய்வூதியம், கோபக்கார மாணவர்கள், அவர்களைவிடக் கோபக்கார விரிவுரையாளர்கள். மாறி மாறி மொழிபெயர்த்ததில், தான் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதே றஸீனாவுக்கு மறந்துபோனது. பகலில் வாவி இறால் கறியோடு சோற்றுப் பார்சல் வந்தது. ஹெலி கையாலேயே சாப்பிட்டாள். உறைப்பில் கண்ணீர் வடிய வடிய இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

அந்த வாரம் முழுவதும் அவள் கூடாரத்துக்கே வந்தாள். ஒருநாள் பின்னேரம் பமீலாவும் தேநீர்ப் பிளாஸ்க்கோடு வெளியே வந்து உட்கார்ந்தார். "பதிவாளர் கேட்டா நான் இந்தப் பக்கம் வரவேயில்ல, சரியா?"

கடைசி நாள் மாலை கல்லடிப் பாலத்தில் நின்றபோது, இங்கிருந்து யார் வரப்போகிறார்கள் என்று ஹெலி கேட்டாள்.

"ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த யாராவது."

"இந்த வாரம் எனக்காகப் பேசியது யார்?"

றஸீனா விடைபெற்று பஸ் ஏறினாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே கணவர் றமீஸிடம் சொன்னாள்: "பின்லாந்துக்கு நான்தான் போகப்போறன்."

"அங்கத்தக் குளிருக்கு நீ என்ன செய்வா?"

"போய்ப் பாப்பமே" என்றாள் றஸீனா.