மூத்திரப்பைக்குக் கொடுத்த டீ

கருப்பை வாயில் புற்று வந்தவர்களுக்கு உள்ளிருந்தே கதிர் கொடுப்பதற்கு முன், பக்கத்து உறுப்புகளை அழைத்துச் சம்மதம் கேட்பது அந்த ஆஸ்பத்திரியின் வழக்கம். கதிர் கட்டியோடு நிற்காது. முன்னால் இருக்கும் மூத்திரப்பைக்கும் பின்னால் இருக்கும் மலக்குடலுக்கும் கொஞ்சம் போய்ச் சேரும். யாருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொல்வது நவமணியின் வேலை.

முப்பிடாதியின் மூத்திரப்பை காலையிலேயே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தது. மலக்குடல் வழக்கம்போலத் தாமதமாக வந்து சுவரில் சாய்ந்துகொண்டது. பக்கத்து அறையில் முப்பிடாதி, கதிர் போகும் குழாய்கள் உள்ளே பொருத்தப்பட்டு, அசையாமல் படுத்திருந்தாள். அசைந்தால் அத்தனை கணக்கும் வீண்.

கதிரை கிரே என்ற அளவில் கணக்கிடுவார்கள். கட்டிக்கு ஏழு கிரே. குறைத்தால் அது மறுபடி தலைதூக்கும். மற்ற இரண்டுக்கும் தாங்கக்கூடிய அளவே வந்தது. இரண்டும் தலையாட்டின. நவமணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பி அவளுக்குப் பழக்கமில்லை. டீ வரவழைத்தாள். மலக்குடல் வேண்டாமென்றது. மூத்திரப்பை இரண்டு டம்ளர் குடித்தது.

இந்த வேலையில் இருப்பவள் செய்யக்கூடிய காரியமா அது? மூத்திரப்பை நாற்காலியில் உப்பியது, நவமணி கணக்குப் போடும் திரையிலும் உப்பியது. அதன் சுவர் குழாயை நெருங்க, அதன் பங்கு கிடுகிடுவென்று ஏறிவிட்டது.

"கொஞ்சம் வெளியே போய்ட்டு வந்துடுங்களேன்," என்று நவமணி கெஞ்சினாள்.

"போக மாட்டேன்," என்றது மூத்திரப்பை. "முப்பிடாதி வயசுக்கு வந்ததுலேருந்து தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்கா. காலைல அடக்குனா சாயந்தரந்தான். பஸ்ஸுல ஏறுனா அங்கயும் அடக்கு. என்னைக்காவது நான் கேட்டதும் விட்டாளா? இன்னைக்கு மட்டும் என்ன அவசரம்? கட்டிக்கு அஞ்சு குடுங்க, என் பங்கும் கொறையும்."

ஐந்து கொடுத்தால் முப்பிடாதி பிழைப்பது சந்தேகம். நவமணி மலக்குடலைப் பார்த்தாள். மலக்குடல் விட்டத்தைப் பார்த்தது. இப்படிப்பட்ட பேச்சுகளில் அது தலையிடுவதில்லை.

வேறு வழியில்லாமல் நவமணி பக்கத்து அறையின் மைக்கைப் போட்டாள். முப்பிடாதி அதற்கு முன்பே சுவர் வழியாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"நான் வேணும்னேயா செஞ்சேன்?" என்றாள். "கதவில்லாத கக்கூசுல எப்படிப் போவேன்? எந்திரிச்சா மேஸ்திரி ஏசுவான்னு பயந்து கெடந்தேன். உன்னையப் பாடாப் படுத்திட்டேன், ஒத்துக்கிடுதேன். இனி நீ சொன்ன ஒடனே போறேன். பஸ்ஸுல இருந்தாலும் நிறுத்தச் சொல்லுதேன்."

"கண்டக்டர் ஏசுனா?" என்றது மூத்திரப்பை.

"நானும் ஏசுவேன்."

அது எழுந்து வெளியே போனது. வெகுநேரம் கழித்துச் சுருங்கித் திரும்பி வந்தது. நவமணி மறுபடி கணக்குப் போட்டாள். ஏழு கிரே அப்படியே நின்றது.

கதவைத் தள்ளிக்கொண்டு கட்டி உள்ளே வந்தது. யாரும் அழைக்கவில்லை. நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தது.

"எல்லார்ட்டயும் கேட்டீங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே," என்றது.

"உங்களுக்கு ஏழு," என்றாள் நவமணி.

"இவங்களுக்கு?"

"அதைவிடக் குறைவு."

கட்டி இரண்டையும் ஏற இறங்கப் பார்த்தது. "அப்ப எனக்குத்தான் கூடுதலா?"

"உங்களுக்குத்தான்."

கட்டியின் முகம் மலர்ந்துவிட்டது. "அதுல ஒரு சொட்டு இவங்க பக்கம் சிந்தாமப் பாத்துக்கிடுங்க," என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, முதல் ஆளாக முப்பிடாதிக்குள் போய்த் தன் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.