பதினேழாம் எண்ணுக்கு ஒரு கேள்வி

நேர்முகத்துக்கு வந்த பதினேழாம் எண், கதவைத் திறந்து, இடுப்பு வளையக் குனிந்து வணங்கினான். தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருந்த யோம் மிசோனின் கையில் பேனா நின்றது.

அவனேதான். பியோ தேசிக். தலை மட்டும் நரைத்திருந்தது.

இந்த அரசு நீர்வழங்கல் கழகத்தில் விண்ணப்பத்தில் புகைப்படம் கிடையாது, பெயர் கிடையாது, கல்லூரி கிடையாது. வெறும் எண்தான். நேர்முகத்தில் கல்லூரிப் பெயரைச் சொன்னாலே தகுதிநீக்கம். வாசலிலேயே எச்சரித்துத்தான் அனுப்புவார்கள்.

பல வருஷங்களுக்கு முன்பு சியோலில், பெரிய கம்பெனியின் ஆளெடுப்பு மேலாளராக இருந்த தேசிக், மிசோனின் விண்ணப்பத்தை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினான்.

"சோரம் மகளிர் கல்லூரியா? இது எங்க இருக்கும்மா? மேப்ல தேடணுமா? நாலு வருஷம் தூங்கியிருந்தாலாவது உடம்பு தேறியிருக்கும்!"

அறையே சிரித்தது. திரும்பும் பஸ்ஸில், அம்மா சுருட்டிக் கொடுத்த கிம்பாப் சோற்றுருளையை மிசோன் பிரிக்கவே இல்லை.

இப்போது அவன் அழகாகப் பேசிக்கொண்டிருந்தான். விண்ணப்பங்களைக் கணினியே பிரிக்கத் தொடங்கியதும் பழைய கம்பெனியில் அவன் பிரிவையே கலைத்துவிட்டார்களாம். பக்கத்திலிருந்த மூத்த அதிகாரி நோ தலையாட்டினார். நல்ல மதிப்பெண் போடப்போகிறார்.

'இவரை எனக்குத் தெரியும்' என்று சொல்லி மிசோன் எழுந்து போயிருக்கலாம். தெரிந்தவர் வந்தால் விலகிக்கொள்ள வேண்டும் என்பதுதான் கழகத்தின் விதியும். அவள் எழவில்லை.

"நான் ஒண்ணு கேக்கலாமா?" குரல் தேனாக இருந்தது. "இத்தனை வருஷம் ஆள் எடுத்திருக்கீங்க. நல்ல ஆளை எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

தேசிக்கின் முதுகு நிமிர்ந்தது. வெகுநாள் கழித்து யாரோ அவனை மேலாளராகப் பார்க்கிறார்கள்.

"அது பார்த்த உடனே தெரிஞ்சிடும் மேடம். நடை, பேச்சு, எல்லாத்துலயும் ஒரு தரம் இருக்கும்."

"அந்தத் தரம் எங்கிருந்து வருது?"

"வளர்ப்புதான். எங்க ஹன்பிட் யுனிவர்சிட்டி பசங்களை எடுத்துக்குங்க..."

நோ பேனாவை மூடினார். தேசிக்கின் வாய் திறந்தபடியே நின்றது.

"நன்றி. நீங்க போகலாம்" என்றாள் மிசோன்.

இடைவேளையில் தாழ்வாரத்தில் ஓடிவந்தான்.

"மேடம், வாய் தவறிடுச்சு. வேலை போனது வீட்டுல தெரியாது. தினமும் சூட் போட்டுட்டு நூலகத்துல போய் உக்காந்திருக்கேன். கொஞ்சம் பாத்து... நீங்களும் ஹன்பிட்தானே? பேசுற விதத்துலயே தெரியுது."

அவனுக்கு அவளை நினைவே இல்லை. மிசோனுக்கு இருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் அங்கேயே செத்தது.

"நான் சோரம் மகளிர் கல்லூரி."

"சோரமா?" கெஞ்சும் முகத்திலும் புருவம் தானாக ஏறியது. "அது எங்க இருக்கு மேடம்?"

"மேப்ல தேடுங்க சார். நூலகத்துல நேரம் நிறைய இருக்குமே."

அவன் முகம் வெளுப்பதை நின்று பார்த்தாள். அவசரப்படவில்லை. பிறகு கதவைத் திறந்து, பதினெட்டாம் எண்ணைக் கூப்பிட்டாள்.