ஒட்டி நின்ற நாய்கள்

தையல்காரியின் செவலையும் ரொட்டிக்கடைக்காரரின் கறுப்பனும் தெரு நடுவில் இணைந்து, மழைக்காலம் முழுக்கப் பிரியாமல் நின்றன. பருவம் வந்த முதல் வாரத்தில் எந்த ஆணையும் கிட்டே விடாமல் கடித்துத் துரத்திய செவலை, அடுத்த வாரம் வாலை ஒதுக்கிக்கொண்டு கறுப்பனிடம் தானாகவே போனது. கூடியதும் கறுப்பன் காலைத் தூக்கித் திரும்பிக்கொள்ள, இரண்டும் வாலோடு வாலாக, ஆளுக்கொரு திசை பார்த்து நின்றன. எல்லா நாய்களும் அப்படிக் கொஞ்ச நேரம் நிற்பதுதான். இவை விடவில்லை.

வாளித் தண்ணீரோடு வந்தவரைக் கால்நடை மருத்துவரம்மா தடுத்தார். "உள்ள வீங்கிப் பிடிச்சிருக்கு. இழுத்தா ரெண்டுக்கும் காயம். தானா விடும்." எப்போது என்று கேட்டதற்கு, "அதுங்களத்தான் கேக்கணும்" என்று கிளம்பிவிட்டார்.

ரொட்டிக்கடை அடுப்புப் புகை தான் தைத்த வெள்ளைச் சட்டைகளைக் கரியாக்குகிறது என்று தையல்காரி எதிர்க்கடைக்காரரோடு பேச்சை நிறுத்தி வருடக்கணக்காகியிருந்தது. ஆனால் செவலையின் முகம் அவர் கடைப்பக்கமும், கறுப்பனின் முகம் அவள் வாசல்பக்கமும் இருந்ததால், இருவரும் மாற்றி மாற்றி மற்றவர் நாய்க்குத் தீனி வைத்தார்கள். அவள் கூடாரம் தைத்தாள். அவர் கம்பு நட்டார். வண்டிகள் ஒதுங்கிப் போகப் பழகின.

ஒரு மாலை ஆறு உடைத்துக்கொண்டு தெருவுக்குள் வந்தது. நாய்கள் கழுத்தளவு நீரில் நடுங்கின. இருவரும் இறங்கி, ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டார்கள்.

"முந்தாதீங்க. என்னோட அடிக்கு அடி வாங்க."

"நீ சொல்லு, நான் வைக்கிறேன்."

பக்கவாட்டில் நடந்து ரொட்டிக்கடைக்குள் சேர்ந்தார்கள். அடுப்புச் சூட்டில் செவலை ஒரு கொட்டாவி விட்டது, நாய்கள் பிரிந்தன. கறுப்பன் திரும்பிக்கூடப் பார்க்காமல் தன்னை நக்கிக்கொண்டு படுத்தான். தண்ணீர் வடிந்த பிறகும் தையல்காரி தன் வீட்டுக்குத் திரும்பவில்லை. யாரும் விசாரிக்கவில்லை.

நாய்கள் பிரிந்து ஒரு மாதத்தில் மருத்துவரம்மா செவலையின் வயிற்றை வருடி, நெல்லிக்காய் போல் குட்டிகள் உருள்வதாகச் சொன்னார். இரண்டாம் மாத முடிவில் அது தீனியை ஒதுக்கிவிட்டு, வெட்டுத்துணிக் குவியலைப் பறித்துக் குழியாக்கிப் படுத்தது. குட்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. தாய் உறையைக் கிழித்து, கொடியைக் கடித்து, நக்கிக் கொடுத்தது. குனிந்து பார்த்த ரொட்டிக்கடைக்காரர், இவ்வளவு நாள் எந்த நாயாவது ஒட்டி நின்று பார்த்திருக்கிறீர்களா என்று மருத்துவரம்மாவிடம் கேட்டார்.

"சில நாய்ங்களுக்கு நேரம் பிடிக்கும்" என்றபடி அவர் கைகழுவத் தண்ணீர் கேட்டார்.