கபீர் பால்

மதினிக்குக் கொடுத்ததுதான் தான் செய்த முழு மடத்தனம் என்று நதீரா பிறகு எத்தனையோ தடவை தன்னையே ஏசிக்கொண்டாள். கொடுத்தது ஒரேயொரு கரண்டி. அந்த ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு மதினி சுஹைறா கல்முனைக்குடியில் பாதிப்பேரை மடையராக்குவாள் என்றும், மற்றப் பாதி தாங்களாகவே வந்து வரிசையில் நின்று மடையராகும் என்றும் அவள் கண்டாளா?

தொண்ணூற்றேழாம் ஆண்டு தொடக்கத்தில் நதீரா ஜோர்தானிலிருந்து திரும்பி வந்தாள். அம்மான் நகரத்தில் ஒரு சர்க்காசிய இனக் குடும்பத்தின் வீட்டில் நாலு வருஷம் சமையலும் துப்புரவும். அந்த வீட்டுக்காரி சோறு தண்ணி இல்லாமல் இருந்தாலும் இருப்பாள், புளித்த பால் இல்லாமல் இருக்கமாட்டாள். பாலைப் புளிக்க வைப்பது உறைமோரால் அல்ல. அவித்த பூக்கோவாவை உதிர்த்துப் போட்டது போல வெள்ளையாய், வழுவழுவென்று கிடக்கும் ஒருவகை மணியால். பாலில் போட்டால் மணி பாலைத் தின்று பெருகும். பால் திரண்டு, புளித்து, லேசாக நுரைக்கும். வடித்தெடுத்த மணியைத் திரும்பவும் புதுப்பாலில் போடவேண்டும். நாலு வருஷமும் அதை வடித்தவள் நதீராதான். குடித்துக் குடித்து, அதில்லாவிட்டால் வயிறு கேட்காது என்ற நிலைக்கு வந்தவளும் அவள்தான். கேட்டால் வீட்டுக்காரி கொடுக்கமாட்டாள் என்று தெரியும். ஊருக்கு வெளிக்கிடும்போது ஒரு பிடி மணியை உலர்த்தி, பால்மாவுக்குள் புதைத்து, கேட்காமலே கொண்டுவந்துவிட்டாள்.

வந்த மணி சாகவில்லை. நற்பிட்டிமுனையிலிருந்து சைக்கிளில் பால் கொண்டுவரும் சின்னப்போடியிடம் பால் வாங்கிக் காய்ச்சி, நன்றாக ஆறவிட்டு, கண்ணாடிப் போத்தலில் மணியோடு ஊற்றிச் சீலைத்துண்டால் வாயைக் கட்டினாள். முதல் மூன்று நாள் வந்ததைக் கொட்டினாள். நாலாம் நாள் பால் திரண்டது. அம்மானில் ஒரு நாள் எடுக்கிற வேலை இந்த வெக்கைக்கு அரை நாளில் முடிந்து, மூக்கைத் துளைக்கிற புளிப்பாகிவிட்டது. தண்ணிப்பானைக்குக் கீழே இருக்கிற ஈரமணலில் போத்தலைப் பாதிக்குப் புதைத்து வைத்தாள். அதோடு எல்லாம் சரியாயிற்று.

அந்த நேரம் பார்த்துத்தான் சுஹைறா வந்தாள். நதீராவின் புருஷனுக்கு மூத்த சகோதரி. நதீரா வெளிநாடு போனபோது, "எங்கட குடும்பத்துல பொம்புளைகள் ஆர்ர ஊத்தயும் கழுவி உழைச்சதில்ல" என்று வீடுவீடாகச் சொல்லித் திரிந்தவள். அந்த உழைப்பில் கட்டின வீட்டுக்குத்தான் இப்போது நாள் தவறாமல் வந்து காற்றாடிக்குக் கீழே உட்காருவாள்.

"இதென்ன கா நாத்தம்? கள்ளுக்கொட்டிலுக்குள்ள வந்த மாதிரி இரிக்கி."

"கள்ளுமில்ல கிள்ளுமில்ல மதினி. புளிச்ச பால். வயித்துக்கு நல்லம்."

"பேரென்ன?"

"கெஃபிர்."

"காஃபிரா! அல்லாவே, மார்க்கமில்லாதவன்ட பேரயா ஒரு முஸ்லிம் வீட்டுக்குள்ள கதைக்கிற?"

ஏசிக்கொண்டே ஒரு கிளாஸ் குடித்தாள். ஏசிக்கொண்டே ஒரு கரண்டி மணியும் கேட்டாள். வாயை மூடிக்கொண்டு போனால் போதுமென்று நதீரா கொடுத்தாள்.

இரண்டு மாதம் போகவில்லை. மணிக்குப் பெயர் மாறிவிட்டது. கபீர் பாலாம். அறபியில் கபீர் என்றால் பெரியது அல்லவா, பெரிய பொருளுக்குப் பெரிய பெயர். பிறந்த ஊரும் மாறிவிட்டது. மக்காவில் ஒரு நல்லடியார் நதீராவைக் கண்டு, "இதை உன் மதினியிடம் சேர்த்துவிடு" என்று சொல்லிக் கொடுத்தாராம். மக்காவிலே இருந்துகொண்டு கல்முனைக்குடி சுஹைறாவைத் தெரிந்து வைத்திருந்த அந்த மனிதரை நினைத்து நதீரா சமையலறையில் தனியே நின்று சிரித்தாள். வெள்ளிக்கிழமைகளில் மதினி வீட்டு வாசலில் பெண்கள் போத்தலோடு நின்றார்கள். எந்த நோயும் மாறுமென்ற நம்பிக்கையில் கோழியும் முட்டையும் காணிக்கையாக வந்தன. சாச்சிமார் மாமிமார் எல்லோரும், 'வேலைக்காரி' என்று தன்னைப் பார்த்து முகத்தைச் சுழித்தவர்கள், தான் கழுவி வளர்த்த மணியைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டு போவதைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கு அவர்களை ஆட்களாக மதிக்கவேண்டுமே.

ஒருநாள் பகல், இரண்டு வீடு தள்ளியிருக்கிற றுகையா ஒரு போத்தலோடு வந்தாள். மீராசாஹிபுவின் மனைவி. மீராசாஹிபு வட்டவிதானையாக இருந்து வாய்க்கால் தண்ணியைப் பங்கிட்டவர். பதவி போய்ப் பத்து வருஷமாகியும் தான் திறந்துவிட்டால்தான் உலகத்துக்குத் தண்ணி என்ற நினைப்பில் இருப்பவர். அவர் முன்னால் றுகையா வாய் திறந்ததை யாரும் கண்டதில்லை. ஊமைக்கோழி என்றுதான் நதீராவும் அவளை நினைத்திருந்தாள்.

"நதீரா, இந்த மணி ரோஸ் நிறமாப் பெய்த்து. நாறுது. மூணு கரண்டி சீனி போட்டும் அவருக்குக் குடிக்கேலாதாம்."

"ஆருக்கு? விதானையாருக்கா? அவருக்குச் சீனி வருத்தமெல்லவா கா?"

"கபீர் பால்ல போட்ட சீனி ஒண்டும் செய்யாதாம். ஆசுபத்திரிக் குளிசையையும் நிப்பாட்டச் செல்லிப்போட்டா உன்ட மதினி. மனசில வெக்கிற நிய்யத் சுத்தமா இரிக்கணுமாம்."

நதீரா போத்தலை முகர்ந்தாள். அழுகல். அப்படியே கொண்டுபோய்க் குப்பையில் கொட்டிவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டு றுகையாவோடு நடந்தாள்.

அந்த வீட்டு அறைக்குள் வேறொரு நாற்றம் இருந்தது. மீராசாஹிபு கட்டிலில் கிடந்தார். உதடு வெடித்திருந்தது. வலது காலில் சுற்றியிருந்த துணியில் ஈக்கள். சுற்றிவர உறவுக்காரர் நாலைந்து பேர். தலைமாட்டில் தஸ்பீஹ் மணிமாலையும் கையுமாகச் சுஹைறா.

"ஆளத் தூக்குங்க. இப்பவே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகணும்" என்றாள் நதீரா.

"கபீர் பால் வேல செய்யிது. கெட்ட நீரெல்லாம் வெளியால வருது" என்றாள் சுஹைறா.

நதீரா எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். "கபீருமில்ல மண்ணாங்கட்டியுமில்ல. மக்காவ நான் கண்ணாலயும் காணல்ல. அம்மான்ல நான் வேல செஞ்ச வீட்டுக் குசினிக்குள்ள இரிந்து களவெடுத்துக்கு வந்த மணி இது. வயித்துக்கு நல்லம், அவ்வளவுதான். சீனி வருத்தத்துக்கு மருந்தில்ல."

மீராசாஹிபு கண்ணைத் திறந்து றுகையாவைப் பார்த்தார். கால் அழுகுவதைப் பற்றி அல்ல அவருடைய கவலை.

"வேலைக்காரிட கைப்பட்டதயா எனக்குக் குடிக்கத் தந்த?"

"ஓம் விதானையார். வேலைக்காரிட கைதான். அதக் கழுவித்தான் வெச்சிருந்த. நீங்க கால இன்னம் கழுவல்ல."

"பாத்தீங்களா, களவெடுத்ததெண்டு அவளே செல்லுறாள்!" என்று சுஹைறா கத்தினாள். "எனக்கு அல்லா தந்த பறக்கத்தப் பொறுக்கேலாம கதைக்கிறாள்."

நதீராவை வெளியே போகச் சொல்லிக் கை நீட்டி எழும்பப்போன மனிதர் எழும்பியபடியே நிலத்தில் விழுந்தார். அதற்குப் பிறகுதான் வேன் வந்தது. சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் போர்வையை விலக்கிக் காலைப் பார்த்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு உடனே போகவிட்டானாம்.

பதினெட்டு நாள் ஆசுபத்திரியில் இருந்தார். இரண்டு கால்விரலை எடுத்தார்கள். உயிரோடு திரும்பி வந்து, பார்க்க வந்தவர்களுக்கு அவர் சொன்னது இது: "டொக்டர்மார் முழங்காலோட வெட்டத்தான் இரிந்தாங்க. கபீர் பால் குடிச்ச உடம்பெண்டபடியா ரெண்டு விரலோட பெய்த்து."

மாஷா அல்லாஹ் என்றது ஊர். சுஹைறா வாசலில் வரிசை தெருவரைக்கும் நீண்டது. நதீராவுக்குக் கிடைத்தது களவுக்காரி என்ற பெயர். சின்னப்போடி ஒருநாள் பாலை ஊற்றிக்கொண்டே, "என்ன புள்ள, இப்பிடிக் கதைக்கிறாங்க" என்று இழுத்தான். "கதைச்சதெல்லாம் உண்மதான் அண்ணன். நான் செல்லித்தானே அவங்களுக்குத் தெரியும்" என்றாள். இந்தச் சனத்திடம் நல்லபெயர் வாங்கியிருந்தால்தான் தன்னில் ஏதோ பிழையென்று அர்த்தம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஒரு மாதம் கழித்து றுகையா திரும்பவும் வந்தாள்.

"மணி கேட்டுத்தானே வந்த? இல்ல" என்றாள் நதீரா, முகம் கொடுக்காமல்.

"மணி என்னத்துக்கு? அவர் குடிக்கிறது எருமத் தயிர் கா. தண்ணி ஊத்திக் கலக்கி, ஆசுபத்திரிக் குளிசைய அம்மியில அரச்சி அதுக்குள்ள போடுறன். கபீர் பாலெண்டு குடிக்கிறார். சீனியும் நான்தான் போடுறன், போட்டமாதிரிக் கரண்டிய மட்டும் ஆட்டிக் காட்டுவன்."

நதீரா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன செல்லுறார்?"

"முந்தினதவிட இப்பத்தான் நல்ல ருசியாம்."

இரண்டு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். பிறகு றுகையா, இத்தனை நாளும் வடித்துக் கொடுத்தும் தான் ஒரு வாய் குடித்ததில்லை என்று சொல்லித் தனக்கும் கொஞ்சம் கேட்டாள். நதீரா ஒரு கிளாசில் ஊற்றிக் கொடுத்தாள். ஒரு மிடறு குடித்ததும் றுகையாவின் முகம் கோணிப்போயிற்று.

"அல்லாவே! இதுக்கா கா எங்கட நல்ல முட்டக்கோழிய உன்ட மதினிக்கு நாங்க குடுத்த?"

அப்போதுதான் நதீரா சிரித்தாள். நிறுத்த முடியாமல், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணி வரும்வரை சிரித்தாள்.